லேப் டெக்னீஷியன் வீட்டு நாய்

1. ஸ்லைடில் நெளிந்தது

மைக்ரோஸ்கோப்பில் கறுப்புப் பின்னணியில் மெல்லிய வெள்ளை நூல்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஸ்லைடில் இருந்தது என் மகளின் ரத்தம். விழுந்துவிடுவேனோ என்று பயந்து உட்காரப் பார்த்தேன். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

புனேயில் விமான் நகர் பக்கம் ஒரு தனியார் லேபில் மைக்ரோபயாலஜி பெஞ்ச் பார்க்கிறேன். மலம், சிறுநீர், சளி, தோல் சுரண்டல் என்று மனிதர்கள் மூடி போட்டுக் கொடுக்கும் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் நாய் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படலாம். சென்ற மழைக்காலத்தில் நடந்தது. இப்போது எல்லோரும் நலம், நாய் உட்பட. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பட்ட படபடப்பை நீங்களும் பட வேண்டியதில்லை.

2. ‘இது நாயால வந்ததா?’

எங்கள் லேபில் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் டாக்டரிடம் போவதற்கு முன் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். வீட்டில் நாய் இருந்தால் அந்தக் கேள்வி நாயைப் பற்றித்தான் இருக்கும். ‘டாக்டரைக் கேளுங்கள்’ என்று சொல்லிவிட வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. நானும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்வேன்.

ஒருமுறை கோயம்புத்தூர்க்காரர்கள், ஐடி வேலையில் இருக்கும் இளம் தம்பதி, வந்தார்கள். அந்தப் பெண்ணின் முழங்கையில் வட்டமாகச் சிவந்திருந்தது. சுரண்டி எடுத்து கே.ஓ.எச். கரைசலில் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததில் பூஞ்சை தெரிந்தது. சாதாரணப் படர்தாமரை. நான் தமிழ் என்று தெரிந்ததும் அவள் கவுண்டர் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

“ஏனுங்க்கா, இது எங்க ப்ரூனோனால வந்ததுங்களா?”

“டாக்டரைக் கேளுங்க.”

“அவரு க்ரீம் மட்டும்தானுங்க எழுதறாரு. எங்க மாமியாரு ஊர்ல இருந்து தெனமும் போன் பண்றாங்க. நாய் முடி வயித்துக்குள்ள போனா புண்ணு வந்துருமாம். எங்கியாச்சும் கொண்டுபோயி விட்டுருங்கறாங்க.”

பக்கத்தில் நின்ற கணவன் மெதுவாகச் சொன்னான்: “எங்கம்மா நாயைச் சொல்றாங்களா என்னையச் சொல்றாங்களான்னே எனக்கு வெளங்கலீங்க்கா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உத்தரவை மறந்துவிட்டுப் பேசினேன். நாயிடமிருந்து வந்திருக்கலாம், ஜிம் விரிப்பிலிருந்தும் வந்திருக்கலாம். ப்ரூனோவுக்கு எங்காவது முடி கொட்டியிருந்தால் நாய் டாக்டரிடம் காட்டுங்கள், இருவருக்கும் மருந்து போட்டால் போய்விடும், யாரையும் எங்கேயும் கொண்டுபோய் விட வேண்டாம் என்றேன். அடுத்தவர் வீட்டு நாய் என்றால் எனக்கு அவ்வளவு தைரியம்.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். நாய் வளர்த்து நன்றாக இருப்பவர்கள் யாரும் எங்கள் லேபுக்கு வருவதில்லை. தோலில் வட்டம் வந்தவர், நாய்ப் புழுவின் குஞ்சு பாதத்தின் தோலுக்கடியில் கோடு போட்டுக்கொண்டு ஊர்ந்தவர், கல்லீரலில் நீர்க்கட்டி வந்தவர், இவர்கள்தான் வருவார்கள். இத்தனை வருடம் இதையே பார்த்த கண்ணுக்கு நாய் என்றால் நாலு காலில் நடக்கும் சாம்பிள்.

3. பாகர்வடி

எங்கள் வீடு புனேயிலேயே கட்கியில். அப்பா அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அப்படியே அந்தப் பக்கமே எங்களுக்கு நிலைத்துவிட்டது. கணவர் சேகருக்கு ரஞ்சன்காவில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஒரே மகள் நிவேதா, ஏழாம் வகுப்பு. வீட்டில் தமிழ்தான், ஆனால் அவள் வாயில் அது இந்தியோடும் மராத்தியோடும் கைகோத்துக்கொண்டு வரும்.

அதற்கு முந்தின வருடம் ஒரு நாள் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் கிடந்த தெருநாய்க் குட்டி ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அம்மா, ப்ளீஸ் மா. பாரு, எவ்ளோ சோட்டா இருக்கான்.”

நான் எனக்குத் தெரிந்த புழுக்களின் பெயர்களையெல்லாம் சொன்னேன். சேகர் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “தெனம் நீ லேப்லருந்து கொண்டாராத கிருமியையா இது கொண்டாந்துடப் போவுது?”

குட்டி தரையில் சுருண்டு படுத்தது. புனேக்காரர்கள் டப்பா டப்பாவாக வாங்கித் தின்னும் பாகர்வடிச் சுருள் போலவே இருந்தது. அதுவே பெயராகிவிட்டது. முகத்தை நக்க விடக்கூடாது, கட்டிலில் ஏறக்கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டேன். முதல் இரண்டும் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. வெறிநாய்க்கடி ஊசியை மட்டும் தவறாமல் போட்டேன். எலிக் காய்ச்சலையும் சேர்த்துத் தடுக்கும் கலப்பு ஊசிக்கு வருடாந்தரத் தவணை வந்தபோது வெளியே மழை. விடட்டும், போகலாம் என்று இருந்தேன். புனே மழை விடுகிற மழையா?

4. காய்ச்சல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிவியும் பாகர்வடியும் ரயில் பாதைப் பக்க மைதானத்தில் தேங்கிய தண்ணீரில் குதித்து விளையாடிவிட்டு வந்தார்கள். நிவியின் காலில் முள் கீறியிருந்தது. அந்த மைதானத்தில் எலிகள் பூனை அளவுக்கு இருக்கும். நான் அவள் காலை சோப்புப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் கீறல் பெரிதானதுதான் மிச்சம்.

அந்த வாரக் கடைசியில் நாய் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தது. அடுத்த நாள் நிவிக்குக் காய்ச்சல். “கெண்டைக்கால் வலிக்குது மா” என்றாள். கண் சிவந்திருந்தது.

வேறு அம்மாவாக இருந்தால் கஷாயம் வைத்திருப்பாள். எனக்கு லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக் காய்ச்சல், பற்றிப் படித்த பக்கம் அப்படியே கண்முன் வந்தது. தேங்கிய நீர், எலி, நோயுற்ற நாய், அதன் சிறுநீர், காலில் கீறல், கெண்டைக்கால் வலி, சிவந்த கண். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. சிறுநீரகம் வரை போகக்கூடிய நோய். டாக்டர் நிதானமாகத்தான் இருந்தார். ரத்த அணு எண்ணிக்கை, டெங்கு, மலேரியா, லெப்டோ எல்லாவற்றுக்கும் எழுதினார். ரத்தம் எடுத்த டியூப்களை ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டு நானே லேபுக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்ததை நினைத்தால் இப்போதும் கை ஜில்லிடுகிறது.

5. டார்க் ஃபீல்ட்

டெங்குப் பரிசோதனை எங்களிடம் மதியம்தான் மொத்தமாக ஓடும். லெப்டோ ஆன்டிபாடி காய்ச்சலின் ஆரம்ப நாட்களில் தெரியாது. ஆக, மதியம் வரை எனக்கு எந்தப் பதிலும் கிடையாது. பொறுக்க முடியவில்லை.

மூலையில் ஒரு பழைய டார்க் ஃபீல்ட் மைக்ரோஸ்கோப் உண்டு. கறுப்புப் பின்னணியில் உயிருள்ள நுண்கிருமி ஒளிர்ந்து தெரியும். மாணவர்களுக்குக் காட்டுவதற்கு மட்டும் எப்போதாவது எடுப்போம். மிச்ச ரத்தத்தை மெதுவாகச் சுழற்றி, பிளாஸ்மாவில் ஒரு சொட்டு வைத்து, கவர் ஸ்லிப் போட்டுப் பார்த்தேன்.

நூல்கள். நிறைய நூல்கள்.

சேகருக்குப் போன் போட்டேன். “நாயை இன்னிக்கே வீட்டை விட்டு அனுப்பிடுங்க. எங்கயாவது. யாருக்காவது குடுத்துடுங்க. திரும்பி வரக்கூடாது.”

“நிவிக்கு இன்னா ஆச்சு?”

“அனுப்புங்கன்னு சொல்றேன்ல!”

கம்பெனியில் ஒருவர் காவலுக்கு நாய் கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார் சேகர். நாயை அவரிடம் சேர்க்கவென்று கட்கியிலேயே இருக்கும் என் தம்பி ரவி ஸ்கூட்டரில் வந்து கூட்டிப் போனான். ஸ்கூட்டரின் முன்னால் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு போனதாம். காய்ச்சலோடு நிவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். நான் லேபில் இருந்தேன்.

6. சந்தியா தாயியின் ரத்தம்

எங்கள் செக்‌ஷனுக்குப் பொறுப்பு சந்தியா. தாயி என்று கூப்பிடுவோம், மராத்தியில் அக்கா. அவர் பேசியது மராத்தியில்தான், தமிழில் எழுதுகிறேன்.

என் முகத்தைப் பார்த்தார். மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தார். என்னை நகரச் சொல்லிவிட்டுக் கண்ணை வைத்தார். நெடுநேரம் பார்த்தார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

“கண்ட்ரோல் எங்கே?”

“என்ன கண்ட்ரோல்?”

“நன்றாக இருக்கிற ஒருவரின் ரத்தம். பக்கத்தில் வைத்துப் பார்க்க.”

வைக்கவில்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் நான் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்: கண்ட்ரோல் இல்லாமல் டெஸ்ட் இல்லை.

தாயி நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை நீட்டினார். “என் ரத்தத்தை எடு.”

“தாயி, இப்ப என்னால…”

“எடு மாலா. ஒழுங்காகக் குத்து. போன தடவை கேம்ப்பில் குத்தினாயே, ஒரு வாரம் நீலமாக இருந்தது.”

எடுத்தேன். அதே மாதிரி சுழற்றி, அதே மாதிரி ஸ்லைடு போட்டு, முதலில் அவர் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

நூல்கள். நிவியின் ரத்தத்தில் இருந்ததைப் போலவே, வெள்ளையாக, மெல்லியதாக, அங்குமிங்கும் நெளிந்துகொண்டு.

“பார்த்தாயா, எனக்கும் லெப்டோ” என்றார் தாயி. “இத்தனைக்கும் என் வீட்டில் நாய் கிடையாது. மாமியார் மட்டும்தான்.”

செக்‌ஷனே சிரித்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியாது. மூக்கைத் துடைத்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

ரத்தத்தில் உள்ள புரத இழைகள் அவை. ரத்தத்தை உறையவைக்கும் நாரின் துணுக்குகள். டார்க் ஃபீல்டில் பார்த்தால் கிருமி போலவே மினுங்கும், திரவத்தில் மிதப்பதால் ஆடும். இந்த ஏமாற்று வேலையைப் பற்றி எங்களுக்குப் பாடமே உண்டு. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். படிக்காதவர்களுக்கு இந்தத் தவறு வராது. அவர்கள் டார்க் ஃபீல்டில் கண் வைக்கவே மாட்டார்கள்.

“இனிமேல் யாரும் தங்கள் வீட்டு ஆள் சாம்பிளை இந்தப் பெஞ்சில் தொடக்கூடாது” என்று தாயி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி: “போய் டீ குடி. மதியம் ரிப்போர்ட்டை நானே கொண்டுவந்து தருகிறேன்.”

மதியம் கொண்டுவந்தார். டெங்கு பாசிட்டிவ்.

7. வார்டில் ஒரு கேள்வி

டெங்கு ஒன்றும் இலேசான பெயர் இல்லை. தட்டணுக்கள் இறங்க ஆரம்பித்ததும் நிவியை அட்மிட் செய்தோம். லெப்டோ ரிப்போர்ட் இன்னும் வராததால் நாய் மேல் இருந்த பயமும் எனக்கு விடவில்லை. தினமும் காலையில் ஒரு எண் வரும், அது நேற்றைவிடக் குறைந்திருக்கும். எண்களோடு வாழ்க்கை நடத்துகிறவள் நான். அந்த நாட்களில் எண் எழுதிய தாளை சேகரிடம் கொடுத்து, “நீங்க பாத்துட்டு மொகத்தை மட்டும் எனக்குக் காட்டுங்க” என்பேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. கம்பெனியில் இன்கிரிமென்ட் வந்தாலும் வராவிட்டாலும் அதே முகம்தான்.

ஒரு காலையில் அந்த எண் இறங்காமல் நின்றது. மறுநாள் ஏறியது. அன்றுதான் நிவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து ஜூஸ் கேட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“அம்மா, பாகர்வடியை ஏன் அனுப்பிட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.”

நான் ஜூஸை டம்ளரில் ஊற்ற ஆரம்பித்தேன்.

“என்கிட்டருந்து அவனுக்கு ஃபீவர் வந்துடும்னுதானே? அவன் ஓகேவா? என்னால அவனுக்கு ஒண்ணும் வரலியே?”

நான் நாயை நினைத்துப் பயந்த அத்தனை நாளும் அவள் நாய்க்காகப் பயந்துகொண்டு படுத்திருந்தாள். சேகரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“அந்த ரஞ்சன்காவ் ஆள் நம்பர் குடுங்க. நான் பேசறேன். கால்ல விழுந்தாவது வாங்கிட்டு வரேன்.”

“எந்த ஆளு?”

“நாயை யாருக்குக் குடுத்தீங்க?”

அவர் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலக் கடிகாரத்தைப் பார்த்தார். “யாருக்கும் குடுக்கல. ரவி வூட்லதான் இருக்குது. நீ கோவத்துல சொல்ற எல்லாத்தையும் செஞ்சிருந்தா நம்ம வூட்ல டிவிகூட இருந்திருக்காது.”

ரவிக்குப் போன் போட்டேன். எடுத்ததும் கத்தினான்.

“யக்கா, உன் நாய் சோஃபா மேல உக்காந்துகினு கிரிக்கெட் பாக்குது. நான் கீழ உக்காந்துகினு இருக்கேன்!”

“அதுக்கு வாந்தி நின்னுச்சாடா?”

“வந்த அன்னிக்கே ஒரு தபா எடுத்துச்சு. நிவி தலைக்குப் போடற ரப்பர் பேண்டு ரெண்டு வந்து வுழுந்துச்சு. அப்பாலருந்து மூணு வேளையும் துண்ணுது. எனக்கு ஒரு பீஸு மிச்சம் வெக்கறதில்ல.”

நான் கோத்து வைத்திருந்த சங்கிலியில் நோயுற்ற நாய் என்ற கண்ணியும் அறுந்தது. லெப்டோ ரிப்போர்ட்டும் பிறகு நெகட்டிவ் என்றே வந்தது. நிவி வீடு திரும்புவதற்கு முன் சுகாதாரத் துறை ஆள் ஒருவர் டார்ச் அடித்து வீடு முழுவதும் பார்த்தார். நிவியின் படுக்கைக்குப் பக்கத்து ஜன்னலில், கண்ணாடி பாட்டிலில் நான் ஆசையாக வளர்த்த மணி பிளான்ட்டின் தண்ணீரில் கொசுப்புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அதிலிருந்து வந்த கொசுதான் கடித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்வேன்: மணி பிளான்ட் வளர்த்தால் ஆபத்தா என்று இதுவரை எந்தக் கஸ்டமரும் என்னைக் கேட்டதில்லை.

8. வெட் கிளினிக்

நாய் வீட்டுக்குத் திரும்பி வந்த வாரமே, தவணை தாண்டிப்போன ஊசிக்காக அதை வெட் டாக்டரிடம் கொண்டுபோனேன். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. நிவி தொப்பி போட்டுக்கொண்டு கூடவே வந்தாள். மலத்தையும் பார்த்துவிடுவோம் என்று சின்ன டப்பாவில் எடுத்துப் போயிருந்தேன். டாக்டர் இளைஞர். ஸ்லைடு தயார் செய்துவிட்டு இந்தியில் சொன்னார்:

“மேடம், நீங்க லேப்ல இருக்கறவங்கதானே? வாங்க, நீங்களே பாருங்க.”

ஒரு அடி வைத்தேன். நின்றுவிட்டேன்.

“வேண்டாம் டாக்டர். நீங்களே பார்த்துச் சொல்லுங்க. வீட்டு ஆள் சாம்பிளை நான் பார்க்கறதில்லை.”

அவர் சிரித்துக்கொண்டே குனிந்தார். அவர் நிமிரும் வரை நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்ததும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லையே டாக்டர்?”

இருந்தது, கொஞ்சம். கொக்கிப்புழுவின் முட்டைகள். மைதானத்து ஈர மண்ணிலிருந்து வந்திருக்கும் என்றார். நாய்க்குப் புழு மாத்திரை, சில வாரம் கழித்து இன்னொரு முறை. மலத்தை உடனுக்குடன் அள்ளிவிட வேண்டும். ஈர மண்ணில் நிவி வெறுங்காலோடு நடக்கக் கூடாது. அவ்வளவுதான். இத்தனை நாளும் இல்லாத நோய்க்காக அந்த நாயை நாடு கடத்தியிருந்தேன், அதற்கு உண்மையிலேயே இருந்த புழுவை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆகவே இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது சின்ன விஷயம்தான். உங்கள் வீட்டு சாம்பிளை அடுத்தவரிடம் கொடுங்கள். எவ்வளவு பயமாக இருந்தாலும் கண்ட்ரோல் வையுங்கள். பயமாக இருந்தால் கட்டாயம் வையுங்கள். நாயால் ஆபத்து உண்டா என்று யாராவது கேட்டால், இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். உண்டு. வெறிநாய்க்கடி ஊசி தவறக்கூடாது. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், வீட்டு நாயாக இருந்தாலும். மற்றவற்றுக்குப் புழு மாத்திரையும் கை கழுவுவதும் பெரும்பாலும் போதும். இதைச் சொல்லிவிட்டு, டாக்டரையும் கேளுங்கள் என்று சொல்லுங்கள்.

நிவி இப்போது நன்றாக ஓடுகிறாள். அவள் தும்மினால் நான் இன்னும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். இந்தப் பழக்கம் போக நாளாகும்.

கிளினிக்கிலிருந்து ஆட்டோவில் திரும்பினோம். நடுவில் பாகர்வடி. வழி முழுக்க நிவி என்னவோ யோசித்துக்கொண்டு வந்தாள்.

“அம்மா, டாக்டர்கிட்ட ‘வீட்டு ஆள்’னு சொன்னே.”

“ஆமா. அதுக்கு இன்னா இப்ப?”

“குச் நஹி, ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். கன்னம் சிரிப்பது இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது.

ஊசி போட்ட அசதியில் நாய் என் மடியில் தலையை வைத்து, என் கையை ஒருமுறை நக்கிவிட்டுத் தூங்கிப் போனது. கையைப் பார்த்தேன். அதன் காதுக்கடியில் இருந்தது, வெதுவெதுப்பாக. எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளலாம்.